வண்டித்தடம் முடிகிற இடம்

முதல் நாள், வியாழன்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பிரைஸ் வழியாக காசில் டேலுக்கு வந்து சேரும்போது பத்து மணி. யூட்டா மாநிலத்தின் நிலக்கரி நாடு இது. ஊருக்குத் தெற்கே ஹண்டர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு கிழக்கே திரும்பினால் தார் ரோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் சரளைக்கல் பாதைதான். சான் ரஃபேல் ஸ்வெல் என்ற பெரிய பாறை மேடு அங்கிருந்து தொடங்குகிறது.

ஆள் இல்லாத இடத்துக்கு நான்கு நாள் லீவு போட்டுப் போவதை அம்மாவிடம் நேற்றே சொல்லியிருந்தேன். "அங்க என்னய்யா இருக்கு?" என்று கேட்டாள். "நம்ம தேரி மாதிரிம்மா. ஆனா மண்ணு கல்லாயிட்டுது" என்றேன். சொன்னபோது வாய்க்கு வந்த வார்த்தைதான் அது. இன்று மாலை வெட்ஜ் என்ற பள்ளத்தாக்கு விளிம்பில் நின்று பார்த்தபோது அதுதான் சரியான வார்த்தை என்று தெரிந்தது.

நான் பிறந்தது திசையன்விளைப் பக்கம். சிவப்பு மணல் மேடுகளையும் பனையையும் உடைமரத்தையும் பார்த்து வளர்ந்தவன். இங்கே காலுக்குக் கீழே கிட்டத்தட்ட 1,200 அடி ஆழத்தில் சான் ரஃபேல் ஆறு ஒரு பச்சைக் கயிறு போலக் கிடக்கிறது. எதிர்ச் சுவரின் மேல்பகுதியில் உள்ள நவஹோ மணற்பாறை ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுதான். மேட்டின் சரிவுக் கோடுகள் இன்னும் அப்படியே சாய்ந்து நிற்கின்றன. தேரி மணலுக்கும் இந்தப் பாறைகளுக்கும் சிவப்பைக் கொடுத்தது மணலில் ஒட்டிய இரும்புத் துருதான்.

எதிரே தெரியும் மேட்டு நிலத்துக்கு சிட்ஸ் மௌன்டன் வில்டர்னஸ் என்று பெயர். வில்டர்னஸ் என்பது இங்கே வெறும் வர்ணனைச் சொல் கிடையாது, சட்டம் கொடுக்கும் தகுதி. அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிலத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் அதற்குள் ரோடு போடக் கூடாது, மோட்டார் வண்டி போகக் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம், அனுமதி வாங்கி வேட்டையாடலாம். முன்பிருந்தே மேய்ந்த மாடுகள் மேயலாம்.

தமிழில் இதை என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வனம் என்றால் மரம் நினைவுக்கு வருகிறது. இங்கே மரம் என்று சொன்னால் ஆங்காங்கே ஒரு ஜூனிப்பர், ஒரு குட்டை பைன். ஆனால் நம் ஊரில் மரம் இல்லாத செம்மணல் மேட்டையும் தேரிக்காடு என்றுதானே சொல்கிறோம்? கொங்கு நாட்டில் மானாவாரி நிலமே காடுதான். அந்தக் காடு என்ற சொல் போதும் என்று தோன்றுகிறது.

குழுவில் எட்டுப் பேர். ஒரு தன்னார்வ அமைப்பின் ஏற்பாடு. நிலத்தைப் பராமரிக்கும் அரசுத் துறையோடு சேர்ந்து செய்கிற வேலை. நாளைக்கு என்ன வேலை என்பதை நாளைக்கே எழுதுகிறேன். இப்போது குளிர் மூன்று டிகிரி, விரல் மடங்க மறுக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் பக்ஹார்ன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினோம். வழியிலேயே, ரோட்டோரப் பாறையில், அந்தச் சித்திரங்கள். நூறு அடிக்கு மேல் நீளம். ஆளுயரம் இருக்கும் செம்மண் நிற உருவங்கள், பலவற்றுக்குக் கை இல்லை, தோளில் பாம்பு, தலையைச் சுற்றிப் புள்ளிகள். வரைந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று சொல்கிறார்கள். உருவங்களின் நடுவே துப்பாக்கிக் குண்டு பட்ட குழிகளும், பிற்பாடு வந்தவர்கள் கீறிவிட்டுப் போன பெயர்களும் இருந்தன. யூட்டா மாநிலமாகி நூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1990-களின் நடுவில் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சரிசெய்த இடத்தின் நிறம் லேசாக மாறித் தெரிகிறது.

ஒன்றைக் கவனித்தேன். வண்டி வந்து நிற்கிற இடத்தில் இருக்கும் சித்திரங்களுக்குத்தான் இந்தக் காயம். இதே பாணிச் சித்திரம் நடந்து மட்டுமே போகக்கூடிய பள்ளத்தாக்குகளிலும் இருக்கிறது. அவற்றில் சிலவற்றை முன்பு பார்த்திருக்கிறேன். அங்கே இந்த அளவுக்குக் காயம் இல்லை.

ஆற்றின் மேலே 1937-ல் கட்டிய பழைய தொங்குபாலம் நிற்கிறது. பாலத்துக்குச் சற்று முன்னால் கிழக்கே ஒரு மண்பாதை பிரிகிறது. மெக்சிகன் மௌன்டன் ரோடு. இந்தப் பாதையின் இரண்டு பக்கமும் வில்டர்னஸ், பாதை மட்டும் வெளியே. வரைபடத்தில் பார்த்தால் ஒரு பழத்துக்குள் காம்பு நுழைந்த மாதிரி இருக்கும். அதனால் இந்த மாதிரிப் பாதைக்கு செர்ரிக் காம்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காம்பு வரைக்கும் வண்டி போகலாம். காம்பை விட்டு ஒரு சக்கரம் விலகினால் தப்பு.

விலகியிருக்கிறார்கள். நாங்கள் வந்ததே அதற்குத்தான்.

இரண்டு சக்கரத் தடம் ரோட்டிலிருந்து பிரிந்து, ஸேஜ் புதர்களை நசுக்கிக்கொண்டு, ஆற்றைப் பார்த்த ஒரு திட்டு வரை போயிருந்தது. ஒருமுறை ஒருவர் போயிருப்பார். அடுத்து வந்தவர் தடத்தைப் பார்த்து, பாதை இருக்கிறது என்று போயிருப்பார். மூன்றாவது ஆளுக்கு அது ரோடு.

முதலில் இரும்பு வாரியால் தடத்தின் இரண்டு கோட்டையும் கிளறி, இறுகிய மண்ணை உடைக்க வேண்டும். பிறகு சுற்றிலும் கிடக்கும் செத்த புதர்களையும் ஜூனிப்பர் கிளைகளையும் பொறுக்கி வந்து, குழி தோண்டி, நிமிர்த்தி நட வேண்டும். செத்த மரத்தை நடுவதா என்று எனக்கும் முதலில் திகைப்பாக இருந்தது. நட்டபின் பத்தடி தள்ளிப்போய்ப் பார்த்தால் தடத்தையே காணோம். வண்டியில் வருகிறவர் கண்ணுக்கு அங்கே புதர் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புதர் காற்றில் வரும் விதையைப் பிடித்து வைக்கும், நிழல் கொடுக்கும், மழைத் தண்ணீரை நிறுத்தும். சில ஆண்டுகளில் அதன் காலடியில் உயிருள்ள புதர் வரும். எல்லாமே கைக்கருவிதான். கடப்பாரை, மண்வெட்டி, வாரி. வில்டர்னஸுக்குள் மோட்டார் ரம்பத்தை எடுத்துக்கொண்டு அரசுத் துறையே சும்மா நுழைந்துவிட முடியாது.

மதியம் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, மண்டி போடச் சொல்லி, கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தார். தடத்துக்கு ஒரு சாண் தள்ளி மண் கறுத்து, சின்னச் சின்னக் கோபுரமாக எழும்பிப் புற்று போல இருந்தது. குப்பியிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்பு லேசாகப் பச்சை காட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மண்ணுக்குள் நூல்நூலாக ஓடும் சயனோபாக்டீரியா. அதோடு பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைக் கட்டி வைத்திருக்கிறது. இந்தத் தோல் இல்லாவிட்டால் மணல் காற்றோடு போய்விடும். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணுக்குக் கொடுப்பதும் இதுதான். ஒரு செருப்புக் கால் மிதித்தாலே பொடிந்துவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நசுங்கிய தடத்தில் அதே நாலு சொட்டை விட்டுப் பார்த்தோம். தண்ணீர் ஓடிப்போனது, ஒரு நிறமும் வரவில்லை.

பாலைவனத்தில் என்ன இருக்கிறது கெடுவதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் இந்த இடத்தில் மண்டி போட வைக்க ஆசை.

மூன்றாம் நாள், சனி

காலையில் வேலை முடிந்ததும் தெற்கே கிளம்பினோம். ஐ-70 நெடுஞ்சாலையைக் கடந்துபோக வேண்டும். ஸ்வெல்லை நடுவில் வெட்டிக்கொண்டு 1970-ல் திறந்த ரோடு அது. கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவில் நூறு மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது.

டெம்பிள் மௌன்டன் அடிவாரத்தில் யுரேனியச் சுரங்கங்கள். வாயில் இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், வௌவால் போய்வர இடைவெளி விட்டு. 1950-களில் அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டும் என்று அரசாங்கமே நல்ல விலை கொடுத்தபோது, கையில் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியோடு ஆட்கள் இந்த நிலம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். தேடுவதற்காக புல்டோசரால் கிழித்த பாதைகள் இன்னும் மலைச்சரிவில் தழும்பு போல இருக்கின்றன.

இந்த நிலத்தில் எது ரோடு, எது வெறும் தடம் என்று நடக்கும் வழக்குக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இந்தத் தழும்புகள்தான் காரணம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வில்டர்னஸ் சட்டம் 1964 செப்டம்பர் 3-ல் கையெழுத்தானது. அதை எழுதியவர் ஹோவர்ட் ஜானைசர். 1956-ல் முதல் வரைவை எழுதி, எட்டு ஆண்டு அலைந்து, அறுபதுக்கு மேற்பட்ட தடவை திருத்தி, கையெழுத்தாவதற்கு நான்கு மாதம் முன்பு இறந்துபோனார். அந்தச் சட்டத்தில் அவர் பிடிவாதமாக வைத்த ஒரு சொல் உண்டு. தமிழில் 'தளைபடாத' என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். குதிரைக்கால் கட்டு, மீன்வலை இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்தச் சொல்லின் எதிர்ச்சொல்லைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். யாரும் தொடாத நிலம் என்று அவர் எழுதவில்லை. இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள், நேற்றைய பாறைச் சித்திரமே சாட்சி. காலில் கட்டுப் போடாத நிலம், மனிதன் அங்கே தங்காமல் வந்துபோகிற விருந்தாளி என்பதுதான் சட்டத்தின் பேச்சு.

ஆனால் அந்தச் சட்டம் முதலில் காடுகளையும் பூங்காக்களையும் வனவிலங்குப் புகலிடங்களையும் மட்டும் பார்த்தது. இந்த மாதிரி யாருக்கும் வேண்டாம் என்று மிஞ்சிய பாலை நிலங்கள் 1976-ல் வந்த இன்னொரு சட்டத்தால்தான் கணக்கில் வந்தன. ரோடு இல்லாத 5,000 ஏக்கருக்குக் குறையாத நிலங்களை எண்ணிப் பட்டியல் போடு என்றது அது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: ரோடு என்றால் என்ன?

விடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இயந்திரம் வைத்துப் போட்டு, தொடர்ந்து பராமரித்து வந்தால் ரோடு. வண்டி போய்ப்போய்த் தானாக உண்டானது வெறும் தடம், அது ரோடு ஆகாது. ஆக, ஒரு மலை வில்டர்னஸ் ஆகுமா ஆகாதா என்பது அதன் அடிவாரத்தில் கிடக்கும் இரண்டு கோடு ரோடா தடமா என்பதில் வந்து நின்றது.

அரசுத் துறை 1980-களில் போட்ட கணக்கு யூட்டாவில் சுமார் 32 லட்சம் ஏக்கரை ஆய்வுக்கு ஒதுக்கியது. விட்டுப்போனது ஏராளம் என்று பொதுமக்கள் கிளம்பினார்கள். ஆசிரியர்கள், மாணவர்கள், நடக்கப் பிடித்தவர்கள். கையில் வரைபடமும் கேமராவும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடத்தையும் அதன் முனை வரை போய், இங்கே வண்டி போகவில்லை, இங்கே புதர் முளைத்துவிட்டது, இங்கே வெள்ளம் அரித்துவிட்டது என்று படத்தோடு குறித்திருக்கிறார்கள். பல ஆண்டு வேலை. இந்தச் சிவப்புப் பாறை நிலத்துக்கான மசோதாவை 1989-ல் முதன்முதலில் கொண்டுவந்தவர் யூட்டாவின் பிரதிநிதி வேய்ன் ஓவன்ஸ். அப்போது 50 லட்சம் ஏக்கர் சொச்சம், இப்போது 80 லட்சம் ஏக்கருக்கும் மேல். முப்பது ஆண்டு தாண்டியும் முழுதாக நிறைவேறவில்லை. இடையில் வேறு மாநில உறுப்பினர்கள்தான் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். அது யூட்டாக்காரர்களுக்குக் கோபம்.

இன்னொரு பக்கம், 1866-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் ஒற்றை வரியைக் காட்டி, பொது நிலத்தில் இருந்த பழைய பாதைகளெல்லாம் எங்களுடையவை என்று யூட்டா மாநிலம் ஆயிரக்கணக்கான தடங்களுக்கு வழக்குப் போட்டிருக்கிறது. அந்தப் புல்டோசர் தழும்புகளின் கதி இப்படித்தான் நீதிமன்றத்தில் கிடக்கிறது.

மாலை வெயிலில் லிட்டில் வைல்ட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் நடந்தோம். பாறையில் விழுந்த வெடிப்பு போல ஒரு வழி, சில இடங்களில் என் தோள் அகலம்கூட இல்லை. பக்கவாட்டில் திரும்பித்தான் நகர முடிந்தது. சுவர் வழுவழுவென்று அலையலையாக இருக்கிறது, கை தானாகத் தடவுகிறது. அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே பன்னிரண்டு அடியில் இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் அந்த உயரத்தில் வந்து போயிருக்கிறது. இங்கே மேகம் இல்லாவிட்டாலும் முப்பது மைல் தள்ளிப் பெய்த மழை போதும். எனக்கு முன்னால் ஒரு அப்பா தோளில் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் கத்துகிறாள், சுவர் திருப்பிக் கத்துகிறது. வெகுநேரம் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள், ஞாயிறு

கிரீன் ரிவர். குளியல், காப்பி, சிக்னல். மூன்று நாள் பதிவுகளையும் இங்கிருந்துதான் ஏற்றினேன்.

இந்த ஊர் முலாம்பழத்துக்குப் பேர்போனது. பருவம் முடிகிற நேரம், ரோட்டோரக் கடையில் கடைசிக் குவியல். கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் சட்டை முழுக்க இருந்த செம்மண்ணைப் பார்த்துவிட்டு எங்கே போய்வந்தீர்கள் என்றார். சொன்னேன். முகம் கொஞ்சம் இறுகியது.

"எங்கப்பா யுரேனியம் தேடினவர். அவர் ஜீப்பில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போன தடம் ஒன்று. இப்போது அதில் வண்டி போகக் கூடாது, நடந்து போ என்கிறார்கள். எனக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது."

இன்னும் எத்தனையோ பாதைகள் வண்டிக்குத் திறந்துதான் இருக்கின்றன என்றேன்.

"இருக்கு. ஆனா என்னுடையது அந்த ஒன்று."

நான் பேசாமல் நின்றேன். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. வில்டர்னஸுக்கு எல்லைக் கோடு போடுகிறபோது யாரோ ஒருவருடைய அப்பாவின் தடம் கோட்டுக்கு அந்தப்பக்கம் போகிறது. அதை இல்லை என்று சொல்வது பொய்.

இருந்தும் கோடு வேண்டும் என்றே நினைக்கிறேன். இதே மாநிலத்தின் தென்கிழக்கில் பேர்ஸ் இயர்ஸ் என்ற நிலப்பரப்பு இருக்கிறது. ஹோப்பி, நவஹோ, ஜூனி, இரண்டு யூட் பழங்குடிகள் சேர்ந்து கேட்டு, 2016 டிசம்பரில் ஒபாமா 13.5 லட்சம் ஏக்கரைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். அடுத்த ஆண்டே டிரம்ப் அதில் 85 சதவீதத்தை வெட்டினார். 2021-ல் பைடன் திருப்பிக் கொடுத்தார். ஒரு பேனாவால் வந்தது இன்னொரு பேனாவால் போகிறது. வில்டர்னஸ் அப்படிக் கிடையாது. நாடாளுமன்றம் போட்டது, நாடாளுமன்றம்தான் எடுக்க முடியும்.

இந்த எமரி மாவட்டத்தின் கதையும் பெரியவரிடம் பேசிய பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இங்கே கோட்டை வெளியாள் வந்து போடவில்லை. மாவட்ட நிர்வாகமே இருபது ஆண்டுக்கு மேல் பேசி, ஜீப் ஓட்டுகிறவர், மாடு வளர்க்கிறவர், நடக்கிறவர் எல்லாரையும் உட்கார வைத்து, எந்த ரோடு காம்பாக நிற்கும், எது மூடும் என்று ஒவ்வொன்றாகப் பேரம் பேசியது. போதாது என்று பாதுகாப்பு அமைப்புகள் சண்டை போட்டுப் பரப்பைக் கூட்டின. 2019 மார்ச் 12-ல் டிங்கெல் சட்டம் என்ற பொது நிலச் சட்டம் கையெழுத்தானபோது இந்த மாவட்டத்தில் சுமார் 6 லட்சத்து 63 ஆயிரம் ஏக்கர் வில்டர்னஸ் ஆனது. சென்னை மாநகராட்சியைப் போல ஆறு மடங்கு. அதில் மடி கிரீக் என்ற பகுதி மட்டும் 98,000 ஏக்கர் இருக்கும்.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. இந்த ஊருக்குத் தெற்கே கிரீன் ஆறு வளைந்து வளைந்து போகும் லாபிரிந்த் பள்ளத்தாக்கு. 1869-ல் படகில் வந்த ஜான் வெஸ்லி பவல் வைத்த பெயர். வில்டர்னஸ் ஆன பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆனால் கையெழுத்தாவதற்குச் சற்று முன்னால் அதற்குள் ஒரு குத்தகை கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் உரிமையைச் சட்டம் தொடாது. 2020 கடைசியில் ஹீலியத்துக்குத் துளையிட அனுமதியும் கொடுத்தார்கள், வழக்கும் வந்தது. சில நாள் தாமதத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கு கொடுத்த விலை அது. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பெரியவர் கடைசியில் ஒரு பழத்தை வெட்டி நீட்டினார், காசு வாங்கவில்லை. அந்தத் தடம் எங்கே என்று கேட்டேன். மெக்சிகன் மௌன்டன் பக்கம் இல்லை, மடி கிரீக் பக்கம் என்றார். எனக்கு ஒரு நிம்மதி. அவருடைய தடத்தில் நான் புதர் நடவில்லை.

கிளம்பும் முன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்னய்யா செஞ்ச அங்க?" என்றாள். செத்த செடியை நட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "முள்ளு வெட்டிப் போட்டு வேலி அடைக்கிற மாதிரியா?" என்றாள். ஆமாம்மா, அதேதான்.

குழுத் தலைவி ஒவ்வொரு புதருக்கும் ஜிபிஎஸ் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளியும் சனியும் சேர்த்து 143. ஏப்ரலில் பனி கரைந்ததும் அதே இடத்துக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டேன். எத்தனை நிற்கிறது என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.